டிஜிட்டல் மாடல் ரயில் லேஅவுட்ல ஷார்ட் விழுந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது: முழு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் டிசிசில, அதாவது தண்டவாளம் வழியாவே வண்டிக்கு கட்டளை அனுப்பற டிஜிட்டல் முறையில, லேஅவுட் ஓட்டறவங்க கொஞ்சம் பேருதான், ஆனா யாரு போன் பண்ணாலும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு எல்லா வண்டியும் நின்னுருச்சு, பாக்ஸ்ல செவப்பு லைட்டு மின்னுது, என்ன பண்றது?" ஒடனே எல்லாரும் பண்ற வேலை, டார்ச் எடுத்துட்டு டிராக் மேல ஒரு எடம் விடாம குனிஞ்சு பாக்கறது. அதுல ஒண்ணும் கெடைக்காது. ஷார்ட் முக்காவாசி நேரம் கண்ணுக்கு தெரியாது, அரை மில்லிமீட்டர் எடைவெளில ஒளிஞ்சிருக்கும். அதனால அது எங்க இருக்குன்னு தேடாதீங்க, எங்க இல்லைன்னு ஒவ்வொண்ணா ஒதுக்கிட்டே வாங்க. கீழ சொல்றது எல்லாமே அந்த ஒதுக்கற வேலைதான், வரிசையா பண்ணா பெரும்பாலும் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுரும்.

பழைய டிசி லேஅவுட்ல ஷார்ட் ஆனா அந்த ஒரு கன்ட்ரோலர்ல இருக்கற வண்டி மட்டும் நிக்கும். டிசிசில அப்படி இல்ல, டிராக் முழுக்க எப்பவும் கரன்ட் இருக்கு, எச்ஓ (1:87 அளவு) லேஅவுட்டுக்கு சுமாரா 14 லேர்ந்து 16 வோல்ட், ரெண்டு தண்டவாளத்துலயும் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை ப்ளஸ் மைனஸ் மாறிட்டே இருக்கும், இஞ்சினுக்குள்ள இருக்கற டிகோடர் அதுலேர்ந்து பவரும் எடுத்துக்கும் கட்டளையும் படிச்சுக்கும். அதனால மூலையில ஒரு பெட்டி தடம் புரண்டாலும் மொத்த ஊரும் நின்னுரும். இன்னொரு விஷயம், 5 ஆம்பியர் பூஸ்டர்னா (டிராக்குக்கு பவர் அனுப்பற பாக்ஸ்) 14 வோல்ட்ல 70 வாட், சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான், அப்ப பாத்துக்கோங்க. ஷாக் அடிக்காது, ஆனா பிளாஸ்டிக் போகிய (பெட்டிக்கு அடியில சக்கரம் மாட்டற சட்டம்) உருக்கறதுக்கு தாராளமா போதும்.

நெஜ ரயில்ல ஆக்சில் ஒரே இரும்புத் துண்டு, ரெண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் பண்ணிட்டேதான் போகுது. மொரப்பூர் ஸ்டேஷன் மாதிரி டிராக் சர்க்யூட் போட்ட எடத்துல வண்டி நிக்குதுன்னு சிக்னல்காரங்களுக்கு தெரியறதே அந்த ஷார்ட்டாலதான். நம்ம வண்டில அதே ஆக்சில்ல ஒரு பக்கம் சக்கரத்தை இன்சுலேட் பண்ணி வெச்சிருப்பாங்க. அந்த இன்சுலேஷன் போனா என்ன ஆகும்னு பின்னாடி வரும்.

என்னென்ன கையில வேணும்

மல்டிமீட்டர் ஒண்ணு, சாதா 300 ரூபா மீட்டர் போதும். முதலை கிளிப் வெச்ச வயர் நாலஞ்சு. இன்சுலேஷன் டேப். வீட்ல இருக்கற நகப்பாலிஷ், கலரில்லாததா இருந்தா நல்லது. ஒரு ரூபா காயின். அப்புறம் ரொம்ப முக்கியமான சாமான், 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டரோட. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில கேட்டாலே கெடைக்கும், ஆனா கிருஷ்ணகிரி ஹைவே மேல இருக்கற கடையில "இண்டிகேட்டர் பல்பு"ன்னு மொட்டையா கேட்டீங்கன்னா லாரிக்குப் போடற 24 வோல்ட் பல்பு எடுத்துக் குடுத்துருவாங்க, அது நமக்கு ஆகாது, 12 வோல்ட்னு எழுதியிருக்கான்னு பித்தளை அடியில பாத்து வாங்குங்க.

பல்பு எதுக்குன்னா, பூஸ்டர்லேர்ந்து டிராக்குக்குப் போற ரெண்டு வயர்ல ஏதாவது ஒண்ண வெட்டி நடுவுல இதைப் போட்டீங்கன்னா, சாதாரணமா ஒரு வண்டி ஓடும்போது பல்பு எரியாது, இல்லைன்னா லேசா செவக்கும். ஷார்ட் ஆச்சுன்னா பளிச்சுனு எரியும், கரன்ட் ரெண்டு ஆம்பியருக்குள்ளயே நின்னுரும், பூஸ்டர் ட்ரிப் ஆகாது. ஒவ்வொரு தடவையும் பாக்ஸ ரீசெட் பண்ணாம, பல்ப பாத்துட்டே வேலை செய்யலாம். சின்ன சிஸ்டம் வெச்சிருக்கவங்க, அதாவது ரெண்டு ஆம்பியருக்கு உள்ள இருக்கற ஸ்டார்ட்டர் செட்டு, இல்ல ஆர்டுய்னோ மோட்டார் ஷீல்டு வெச்சு டிசிசி-இஎக்ஸ் (நாமளே செஞ்சுக்கற டிசிசி சிஸ்டம்) ஓட்டறவங்க, 21 வாட் போடாதீங்க, குளிர்ந்த பல்போட ஃபிலமென்ட் மொத நொடியில நெறைய கரன்ட் இழுக்கும், அதுலயே ட்ரிப் ஆயிரும், அவங்களுக்கு 10 வாட் இல்ல 5 வாட் பல்பு. எதுவா இருந்தாலும் எரியும்போது பயங்கர சூடு, தெர்மாகோல் மலைக்குப் பக்கத்துல வெச்சுராதீங்க.

மொத வேலை: எப்ப ட்ரிப் ஆகுதுன்னு பாருங்க

கைய வெக்கறதுக்கு முன்னாடி இத கவனிச்சீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஆன் பண்ண ஒடனே ட்ரிப் ஆகி எப்பவும் அப்படியே இருக்குன்னா, டிராக்லயோ வயரிங்லயோ நெரந்தரமான ஷார்ட். ஒரு குறிப்பிட்ட எடத்தைத் தாண்டும்போது மட்டும்னா, பாயிண்ட்டு (தடம் பிரியற எடம்), கேப்பு (கரன்ட்ட பிரிக்க தண்டவாளத்துல விட்ட வெட்டு), லூப்பு இதுல ஒண்ணு. ஒரு குறிப்பிட்ட வண்டி எங்க போனாலும்னா, அந்த வண்டிதான். பாயிண்ட்டு மாத்தும்போது மட்டும்னா ஃப்ராக் (பாயிண்ட்ல ரெண்டு தண்டவாளம் சேர்ற முனை) வயரிங். சாயங்காலம் நல்லா ஓடி மத்தியானம் மட்டும் ஷார்ட் ஆச்சுன்னா, அதுக்குன்னு தனியா ஒரு பகுதி கீழ இருக்கு, நம்ம ஊர்க்காரங்க கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி.

ரெண்டாவது: பாக்ஸ், வண்டி, டிராக்னு பிரிக்கறது

டிராக் வயர் ரெண்டையும் பூஸ்டர்லேர்ந்து கழட்டிருங்க, ஆன் பண்ணுங்க. இன்னும் ஷார்ட்னு காட்டுச்சுன்னா கோளாறு பாக்ஸ்லயேதான், லேஅவுட்ட தொடாதீங்க. காட்டலைன்னா ஆஃப் பண்ணிட்டு, டிராக் மேல இருக்கற எல்லாத்தையும் எடுங்க. எல்லாத்தையும்னா எல்லாத்தையும், இஞ்சின் மட்டும் இல்ல, லைட் போட்ட கோச்சு, ஒரு ஓரமா சைடிங்ல மாசக்கணக்கா நிக்கற கூட்ஸ் பெட்டி, டிராக் கிளீனர் வண்டி. அப்புறம் நடுவுல பல்பு வெச்சு வயர மாட்டி ஆன் பண்ணுங்க. ஷார்ட் போயிருச்சுன்னா வண்டிகள ஒவ்வொண்ணா திருப்பி வைங்க, எது வெக்கும்போது பல்பு எரியுதோ அதான் ஆளு. போகலைன்னா டிராக்கும் வயரிங்கும்தான் மிச்சம்.

மல்டிமீட்டர் வெச்சு பாக்கறவங்க ஒரு விஷயம் கவனிங்க. பூஸ்டர் மாட்டியிருக்கும்போது ஓம்ஸ் அளக்காதீங்க, பூஸ்டருக்குள்ள இருக்கற சர்க்யூட்டே கண்டபடி ரீடிங் குடுக்கும். வண்டி நின்னாலும் டிகோடர் வழியா ரீடிங் வரும். பஸ்ஸர் மோடை முழுசா நம்பாதீங்க, நெறைய மீட்டர் 30, 40 ஓம் இருந்தாலே கத்தும், அது ஷார்ட் கெடையாது. 200 ஓம் ரேஞ்சுல வெச்சு பாருங்க, ஓரிரு ஓமுக்குள்ள வந்தாதான் ஷார்ட்.

மூணாவது: பாதி பாதியா வெட்டறது

பலகைக்கு அடியில ஓடற பஸ் வயர்லேர்ந்து (பூஸ்டர்லேர்ந்து வர்ற முக்கிய வயர்) டிராக்குக்கு 16 பீடர், அதாவது கிளை வயர், போகுதுன்னு வெச்சுக்கோங்க. எட்ட கழட்டுங்க. பல்பு அணைஞ்சா கழட்டுன எட்டுல இருக்கு, அணையலைன்னா மாட்டியிருக்கற எட்டுல இருக்கு. அதுல நாலு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. நாலு சோதனையில ஆள் சிக்கிருவான். ஒண்ணொண்ணா கழட்டி மாட்டறவங்க பாதி வழியில அலுத்துப்போய் எழுந்து போயிருவாங்க.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. பீடர கழட்டுனா மட்டும் அந்த டிராக் தனியாயிராது, பக்கத்து டிராக்லேர்ந்து, தண்டவாளத் துண்டுகள சேக்கற இரும்பு ஜாயினர் வழியா கரன்ட் வந்துட்டேதான் இருக்கும். நடுவுல பிளாஸ்டிக் இன்சுலேட்டட் ஜாயினர் இருந்தாதான் இந்த பாதி வெட்டற முறை வேலை செய்யும். கட்டும்போதே ஆறேழு அடிக்கு ஒரு எடத்துல ரெண்டு தண்டவாளத்துலயும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டு வெச்சவங்களுக்கு இது பத்து நிமிஷ வேலை. போடாதவங்களுக்கு அடுத்தது.

ஜாயினர் இல்லாத லேஅவுட்டுக்கு மில்லிவோல்ட் முறை

எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இதுதான். பூஸ்டர மொத்தமா கழட்டி வெச்சுருங்க, வண்டி ஒண்ணும் டிராக்ல இருக்கக்கூடாது. 12 வோல்ட் டிசி அடாப்டர் ஒண்ணு எடுத்து, ரெண்டு ஆம்பியராவது குடுக்கறதா இருக்கணும், அதுக்கு சீரீஸ்ல நம்ம 12 வோல்ட் பல்பு, டிராக்ல ஒரே ஒரு எடத்துல குடுங்க. பல்பு எரியும், ஏன்னா ஷார்ட் வழியா ஒன்றரை ஆம்பியருக்கு மேல ஓடிட்டு இருக்கு. இப்ப மீட்டர டிசி மில்லிவோல்ட்ல வெச்சு, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல எத்தன மில்லிவோல்ட் இருக்குன்னு அளந்துட்டே நகருங்க. கரன்ட் குடுக்கற எடத்துல அதிகமா காட்டும், ஷார்ட்ட நெருங்க நெருங்க கொறஞ்சுட்டே வரும், ஷார்ட்ட தாண்டிட்டா அதுக்கப்புறம் கொறையாது, அப்படியே நிக்கும், ஏன்னா அதுக்கு அந்தப் பக்கம் கரன்ட்டே போகல. கொறையறது எங்க நிக்குதோ அந்த ஒரு சாண் எடத்துக்குள்ள உங்க ஷார்ட் இருக்கு. பேலஸ்ட் (டிராக்குக்கு நடுவுல போடற ஜல்லி) போட்டு ஒட்டி, ஜாயினர் கழட்டவே முடியாத லேஅவுட்லகூட இது வேலை செய்யும். கீழ பஸ் வயர் வளையமா சுத்தி வந்தா ரீடிங் கொழப்பும், அதனால பீடர்கள கழட்டிட்டு பண்றது உத்தமம்.

எடத்தைக் கண்டுபிடிச்சதும் அங்க என்ன பாக்கறதுன்னா: உதிர்ந்த சால்டர் துளி, குண்டூசி, டிராக் ஆணி, கடைசியா பாத்திரம் தேய்க்கற கம்பி நார். இத வெச்சு டிராக் தேய்க்கறவங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாங்க, அந்த நூல்நூலான இரும்பு இஞ்சின் மோட்டார் காந்தத்துல போய் ஒட்டிக்கும், டிராக்க விட்டுட்டு மோட்டாரே போயிரும். பலகைக்கு அடியில எலி கடிச்ச வயரையும் பாருங்க, மாடி ரூம்ல லேஅவுட் வெச்சவங்களுக்கு இது சாதாரணம், ரெண்டு வயரும் ஒண்ணா முறுக்கியிருந்தா ஒரே கடியில ரெண்டும் வெளிய வந்துரும். இன்னொண்ணு, ஃபெவிகால் தண்ணில கரைச்சு பேலஸ்ட் ஒட்டுன அன்னிக்கு மீட்டர் ஏதேதோ காட்டும், ஈரம் லேசா கரன்ட் கடத்தும், காயற வரைக்கும் ஆஃப்லயே வைங்க.

பாயிண்ட்டு: பெரும்பாலான வழக்கு இங்கதான்

பாயிண்ட்ல ரெண்டு தண்டவாளம் ஒண்ணா சேர்ற முனைய ஃப்ராக்னு சொல்லுவோம். அந்த முனை பிளாஸ்டிக்கா இருக்கற வகை ஒண்ணு, உலோகமா இருந்து கரன்ட் ஓடற வகை ஒண்ணு. ரெண்டுலயும் ஷார்ட் வரும், காரணம் வேற வேற.

பிளாஸ்டிக் ஃப்ராக்ல, முனைய ஒட்டி ரெண்டு எதிரெதிர் தண்டவாளம் ரொம்ப கிட்ட கிட்ட வருது. சக்கரத்தோட மேல்பட்டை கொஞ்சம் அகலமா இருந்தா ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டுரும், ஒரு மின்னல், ட்ரிப். அதுவும் எல்லா வண்டியும் தொடாது, ஏதோ ஒரு இஞ்சின் மட்டும், அதுவும் மெதுவா போனா மட்டும். ரூம் லைட்ட அணைச்சுட்டு ஓட்டிப் பாருங்க, பொறி எங்க பறக்குதுன்னு நல்லா தெரியும். அந்த எடத்துல தண்டவாளத்து மேல அரை சென்டிமீட்டர் நகப்பாலிஷ் தடவுங்க, காஞ்சதும் ஓட்டுங்க. நின்னுருச்சுன்னா எடம் அதான். பாலிஷ் கொஞ்ச நாள்ல தேஞ்சுரும், திருப்பி தடவலாம், இல்ல அந்த கேப்ப ரம்பத்தால இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி புதுசா பண்ணலாம்.

உலோக ஃப்ராக்ல மூணு விஷயம். ஒண்ணு, ஃப்ராக்லேர்ந்து வெளிய போற ரெண்டு உள் தண்டவாளத்துலயும் பிளாஸ்டிக் ஜாயினர் இருக்கணும், இல்லாம அந்தப் பக்கத்துலேர்ந்தும் பீடர் குடுத்தா பாயிண்ட்டு ஒரு பக்கம் நல்லா இருக்கும், மறுபக்கம் திருப்புன ஒடனே ஷார்ட். ரெண்டு, எதிர்ப்பக்கம் போட்டிருக்கற பாயிண்ட்டுக்குள்ள வண்டிய பின்னாடியிருந்து விடறது. சக்கரம் ஃப்ராக்க தொட்ட ஒடனே ட்ரிப் ஆகும், இதுக்கு வயரிங் காரணம் இல்ல, ஓட்டறவர்தான், ஃப்ராக்க தானா மாத்தற சின்ன எலக்ட்ரானிக் போர்டு போட்டா இந்தத் தொல்லை இல்ல. மூணாவதுதான் நெறைய பேருக்கு பிடிபடாது: தெறந்து நிக்கற பிளேடோட (பாயிண்ட்ல நகர்ற தண்டவாளம்) உள்பக்கத்துல சக்கரத்தோட முதுகு ஒரசறது. பழைய டிசைன்ல ரெண்டு பிளேடும் ஃப்ராக்கோட ஒரே கரன்ட், பக்கத்து வெளித் தண்டவாளம் எதிர் கரன்ட், அப்ப சக்கரம் ரெண்டையும் ஒண்ணா தொட்டா முடிஞ்சுது. இதுக்கு நிரந்தர வைத்தியம், பிளேட ஃப்ராக்லேர்ந்து வெட்டி, பக்கத்துல இருக்கற வெளித் தண்டவாளத்தோட சின்ன வயரால சால்டர் பண்ணிரது, ஃப்ராக்குக்கு மட்டும் பாயிண்ட் மோட்டார் சுவிட்ச் வழியா தனி வயர். ஒரசற வண்டியோட சக்கரத்தையும் அளந்து பாருங்க, எச்ஓ, ஓஓ (1:76 அளவு) வண்டில உள்பக்கத்துலேர்ந்து உள்பக்கம் 14.4 மில்லிமீட்டர் கிட்ட இருக்கணும், கொறஞ்சிருந்தா பிளேட கண்டிப்பா ஒரசும்.

திரும்பி வர்ற லூப்

நம்ம ஓமலூர்–தர்மபுரி–ஓசூர் லைன் மாதிரி ஒத்தை வழி லைன் செய்யறவங்க, வண்டி ஓடிட்டே இருக்கணும்னு ரெண்டு முனையிலயும் லூப் போட்டுருவாங்க, வண்டி சுத்தி அதே லைனுக்கு திரும்பி வரும். அப்ப எடது தண்டவாளம் வலதுல போய் மோதும், நேரடி ஷார்ட். இத எந்த ஜாயினரும் சரி பண்ணாது. லூப்போட ரெண்டு பக்கமும் ரெண்டு தண்டவாளத்தையும் வெட்டி, நடுவுல இருக்கற பகுதிய ஆட்டோ ரிவர்சர் போர்டு வழியா குடுக்கணும். சக்கரம் கேப்ப தாண்டும்போது வர்ற ஷார்ட்ட பாத்துதான் அந்த போர்டு கண்ணிமைக்கறதுக்குள்ள பக்கத்த மாத்தும், டிசிசில வண்டி போற திசைய டிகோடர் பாத்துக்கும், அதனால வண்டி நிக்காம போகும்.

ரிவர்சர் போட்டும் ட்ரிப் ஆகுதுன்னா ரெண்டு காரணம். வண்டி லூப்ப விட நீளமா இருக்கு, முன் சக்கரம் வெளிய போற கேப்புலயும் பின்பெட்டியோட உலோகச் சக்கரம் உள்ள வர்ற கேப்புலயும் ஒரே நேரத்துல நிக்குது, போர்டு எந்தப் பக்கம் மாத்தினாலும் ஒண்ணு ஷார்ட்டாதான் இருக்கும். இல்லைன்னா ரிவர்சர விட மெயின் பூஸ்டர் வேகமா ட்ரிப் ஆகுது, ரிவர்சரோட ட்ரிப் கரன்ட்ட பூஸ்டரோடத விட கொறைச்சு வைங்க.

ரெண்டு பூஸ்டர், இல்ல ரெண்டு செக்‌ஷன் சேர்ற எல்லையில மட்டும் ட்ரிப் ஆச்சுன்னா பீடர் வயர் எடம் மாறியிருக்கும். கேப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே தண்டவாளத்துல ஏசி வோல்ட் அளங்க, பூஜ்யம் பக்கத்துல இருந்தா சரி, முழு டிராக் வோல்ட் காட்டுனா மாத்தி மாட்டியிருக்கீங்க. சாதா மீட்டர் டிசிசி வோல்ட்ட துல்லியமா காட்டாது, அது 50 ஹெர்ட்ஸுக்கு செஞ்சது, ஆனா இந்த வித்தியாசம் பாக்கறதுக்கு போதும்.

வெயில் காலத்து ஷார்ட்

சித்திரை வெயில்ல தர்மபுரில ஷீட் போட்ட மாடி ரூம் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. நிக்கல் சில்வர் தண்டவாளம் 3 மீட்டர் நீளம் இருந்தா, 20 டிகிரி சூடு ஏறுனா கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும். ரம்பத்தால வெட்டுன கேப் பெரும்பாலும் அவ்வளவுகூட இருக்காது. காலையில நல்லா ஓடும், மத்தியானம் ரெண்டு மணிக்கு கேப் மூடிக்கிட்டு ஷார்ட், சாயங்காலம் தானா சரியாயிரும், ஆள பைத்தியம் ஆக்கிரும். ஓசூர்ல குளிரான வீட்ல டிசம்பர்ல வெட்டுன கேப்புன்னா இன்னும் மோசம். வெட்டுன ஒவ்வொரு கேப்புலயும் மெல்லிசு பிளாஸ்டிக் துண்டு செருகி எபாக்ஸி வெச்சு ஒட்டி, தண்டவாளம் வடிவத்துக்கு அரத்தால தேச்சுருங்க. வெறும் காத்து கேப்ப நம்பாதீங்க.

வண்டிதான் காரணம்னா

பெட்டில மொதல்ல பாக்க வேண்டியது சக்கரம். சுத்தம் பண்ண கழட்டி மாட்டும்போது ஒரு ஆக்சில் திரும்பிப் போயிருக்கும், இன்சுலேட் பண்ண சக்கரம் எல்லாம் ஒரே பக்கம் இருக்கணும், ஒண்ணு மட்டும் மாறியிருந்து போகி உலோகமா இருந்தா ஷார்ட். ஒவ்வொரு ஆக்சிலா ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல மீட்டர் வைங்க, சும்மா பெட்டின்னா எதுவும் காட்டக்கூடாது. அப்புறம் கப்ளர்ல கீழ தொங்கற உலோக ஊசி, அது தாழ்ந்திருந்தா பாயிண்ட்டு மேல தண்டவாளத்த தொடும்.

இஞ்சின்ல சக்கரத்துலேர்ந்து கரன்ட் எடுக்கற பிக்கப் தகடு வளைஞ்சு எதிர்ப்பக்க சக்கரத்தையோ சேசிஸையோ தொடுதான்னு பாருங்க. டிசி இஞ்சின டிசிசிக்கு மாத்துனவங்க முக்கியமா ஒண்ணு: மோட்டாரோட ரெண்டு முனையும் சேசிஸோடயோ பிக்கப்போடயோ எங்கயும் தொடக்கூடாது. பழைய இஞ்சின்ல மோட்டாரோட ஒரு பிரஷ் சேசிஸ் வழியாதான் கரன்ட் எடுக்கும், அத பிரிக்காம டிகோடர் போட்டா டிகோடர் புகைஞ்சு போயிரும். டிகோடர மாட்டறதுக்கு முன்னாடியே மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் மீட்டர் வெச்சு பாத்துருங்க. முடிச்சதும் நேரா மெயின் டிராக்ல வெக்காம ப்ரோகிராமிங் டிராக்ல (டிகோடர் செட்டிங் படிக்க, மாத்த வெச்சிருக்கற தனி டிராக்) வெச்சு அட்ரஸ், அதாவது வண்டி நம்பர், படிங்க, அதுல கரன்ட் 250 மில்லிஆம்பியர் அளவுலதான் விடுவாங்க, தப்பு இருந்தாலும் ஒண்ணும் எரியாது. மேல்மூடி மாட்டுனாதான் ஷார்ட்டுன்னா, மூடி திருகு ஏதாவது வயர நசுக்குது.

சரி பண்ணதுக்கு அப்புறம் காயின் வைங்க

பல்ப எடுத்துட்டு, லேஅவுட் முழுக்க மூணு மூணு அடிக்கு ஒரு ரூபா காயின ரெண்டு தண்டவாளத்து மேலயும் படுக்க வைங்க. ஒவ்வொரு எடத்துலயும் பூஸ்டர் ஒடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா அதுதான் ஆபத்தான எடம். மெல்லிசு வயரும் துருப்பிடிச்ச ஜாயினரும் சேந்து மொத்த ரெசிஸ்டன்ஸ் 3 ஓம் இருந்தா, 14 வோல்ட்ல 4.7 ஆம்பியர்தான் ஓடும், 5 ஆம்பியர் பூஸ்டர் அத ஷார்ட்னே நினைக்காது, 65 வாட் சூடு அந்த ஜாயினர்லயும் சக்கரத்துலயும் எறங்கிட்டே இருக்கும். பஸ்ஸுக்கு 1.5 இல்ல 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரிங் வயர், பீடருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர், பீடர் ஒரு அடிக்கு மேல நீளாம, ஒவ்வொரு டிராக் துண்டுக்கும் ஒண்ணு. இதுக்குன்னு பெங்களூரு எஸ்பி ரோடு வரைக்கும் போக வேண்டாம், நம்ம பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையே போதும்.

லேஅவுட் பெருசுன்னா நாலு செக்‌ஷனா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி எலக்ட்ரானிக் பிரேக்கர் போடுங்க, யார்டுல ஷார்ட் ஆனா மெயின் லைன் ஓடிட்டே இருக்கும். காசு இல்லைன்னா ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு இண்டிகேட்டர் பல்பு நிரந்தரமா போடலாம், பழைய ஆளுங்க அப்படித்தான் ஓட்டுனாங்க, ஆனா சவுண்ட் இஞ்சின் ரெண்டு மூணு ஒரே செக்‌ஷன்ல இருந்தா வோல்ட் கொறையும், எனக்கு அது அவ்வளவா பிடிக்கல.

ஷார்ட்டே இல்லாம ஷார்ட்னு காட்டறதும் உண்டு. கரன்ட் போய் திரும்பி வந்ததும் பூஸ்டர் ஆன் ஆகும், ஆன ஒடனே ட்ரிப், திருப்பி ஆன், திருப்பி ட்ரிப். டிராக்ல நிக்கற சவுண்ட் டிகோடர்களோட கெபாசிட்டர் எல்லாம் ஒரே நேரத்துல சார்ஜ் ஆக கரன்ட் இழுக்குது, பூஸ்டர் அத ஷார்ட்னு நினைச்சுக்குது. நாலு வண்டிய டிராக்லேர்ந்து தூக்கிட்டு ஆன் பண்ணுங்க, பிடிச்சுக்கிச்சுன்னா ஷார்ட் இல்ல. செக்‌ஷன் செக்‌ஷனா சுவிட்ச் வெச்சு ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ஆன் பண்ணா போதும், சில பிரேக்கர் போர்டுல எவ்வளவு நேரம் தாமதிச்சு ட்ரிப் ஆகணும்னு செட்டிங் இருக்கும், அதையும் கொஞ்சம் கூட்டி வைக்கலாம், ஆனா கூட்டுனதுக்கு அப்புறம் காயின் சோதனைய இன்னொரு தடவை பண்ணிருங்க.